நெட்டு இல்லாத நாளும் பாவாவோட அட்டையும்

நீங்க போன்ல சுத்துற அந்த வட்டத்தையே பாத்துகினு இருக்கீங்க பாருங்க, அத பாத்ததும்தான் எனக்கு இத சொல்லணும்னு தோணுச்சு. வண்டி இப்படித்தான், அரக்கோணம் தாண்டினா அரை மணி நேரம் சிக்னல்ல நிக்கும், நெட்டும் வராது, சும்மா கேளுங்க. மொதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசுன்னு எவனாவது வாய தொறந்தா எழுந்து போயிடற ஆளு நானு. எங்க தெருவுல ஆளுக்கொரு கதை வச்சிருப்பானுங்க, அந்த மரத்தாண்ட இது வந்துச்சு, இந்தக் கெணத்தாண்ட அது கூப்டுச்சுன்னு. அதே மரத்தாண்டதான் நான் ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு சைக்கிள்ல வருவேன், என்னை நாயைத் தவிர எதுவும் தொரத்துனதில்ல. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்துது, அதுவும் ராத்திரில இல்ல, பட்டப்பகல்ல மூணு மணிக்கு, ஆடிக் கிருத்திகை கூட்டத்துல, சுத்தி லட்சம் ஜனம் அரோகரா போட்டுகினு இருக்கும்போது. நம்புனா நம்புங்க, நம்பலன்னா வண்டி கெளம்பற வரைக்கும் பொழுது போச்சுன்னு வச்சிக்கோங்க.

என் பேரு கஜேந்திரன், திருத்தணிதான். கேபிள் இழுக்கறது, கேமரா மாட்டறது, கம்ப்யூட்டருங்கள ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கறது, இதான் பொழப்பு. இருபது வருஷமா ஏணி ஏறி ஏறி முட்டி ரெண்டும் போச்சு, இப்ப உக்காந்தா எழுந்திருக்க ஒரு சாமி பேரு, எழுந்தா உக்கார ஒரு சாமி பேரு.

இந்த வேலையில ஒரு கணக்கு உண்டு சார். கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்பர் இருக்கும், வீட்டு நம்பர் மாதிரி. இந்த நம்பர்ல இருந்து இந்த நம்பர் வரைக்கும் ஒரு தெரு, அதுக்கப்புறம் அடுத்த தெரு. எந்த வீடு எந்தத் தெருன்னு நடுவுல இருக்கற பொட்டிக்கு சரியா சொல்லிட்டா தபால் போய்ச் சேரும், தப்பா சொன்னா சேராது, அவ்ளோதான். இதுக்கு சப்நெட்டுன்னு பேரு வச்சு மனுஷன பயமுறுத்துவாங்க. நம்பர போட்டா தெருவ சொல்ற வெப்சைட்டு ஒண்ணு இருக்குது, பதினஞ்சு வருஷமா அதை நம்பித்தான் என் வண்டி ஓடுச்சு. கையால போடத் தெரியுமான்னு கேட்டா, படிச்ச காலத்துல தெரியும், அப்புறம் மறந்துட்டேன், எதுக்கு பொய் சொல்லணும்.

என் கூட வேலை செஞ்சவரு பாஸ்கர். பள்ளிப்பட்டு ஆளு, தறிக்கார வீடு. நான் பாவான்னுதான் கூப்டுவேன், தெலுங்குல மச்சான்னு அர்த்தம், சொந்தம்லாம் ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கம் பாதித் தெலுங்கு, பழகுனவங்க எல்லாம் பாவாதான். அவரு வெப்சைட்ட தொட மாட்டாரு. சேலையில பூ விழறதுக்கு தறி மேல அட்டை கட்டி ஓட விடுவாங்க பாத்திருக்கீங்களா, ஓட்டை ஓட்டையா இருக்கும், ஓட்டை இருக்கற எடத்துல நூல் மேல போவும், இல்லாத எடத்துல போவாது. அந்த அட்டையத்தான் இவரு வெட்டி எடுத்துகினு வருவாரு. ஒரு அட்டையில வரிசையா எட்டு எடம், ஒவ்வொரு எடத்துக்கு மேலயும் பென்சில்ல எழுதியிருப்பாரு, நூத்தி இருபத்தெட்டு, அறுபத்தி நாலு, முப்பத்தி ரெண்டுன்னு பாதி பாதியா ஒண்ணு வரைக்கும். வீட்டு நம்பருக்கு ஒரு அட்டை, எந்தெந்த எண்ணக் கூட்டினா அந்த நம்பர் வருமோ அங்கல்லாம் ஓட்டை. தெரு அளவுக்கு ஒரு அட்டை, அதுக்குத் தனி ஓட்டை. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா, ரெண்டுலயும் ஓட்டை இருக்கற எடத்துல மட்டும் வெளிச்சம் தெரியும். அந்த எண்ணக் கூட்டினா தெரு எங்க ஆரம்பிக்குதுன்னு வந்துடும். கரண்டு வேணாம், நெட்டு வேணாம், ஒரு மயிரும் வேணாம். மன்னிச்சிக்கோங்க, அவரு அப்படித்தான் சொல்லுவாரு.

அதுலயும் அவருக்குன்னு ஒரு தினுசு உண்டு. அட்டைய எடுத்ததும் மொதல்ல ஃபூன்னு ஒரு ஊது ஊதுவாரு, தறியில பஞ்சு அடைச்சிக்கும்னு சின்ன வயசுல இருந்து பழக்கம். அப்புறம் அட்டை ஓரத்த விரல்ல புடிச்சு தலைக்கு மேல தூக்கி, எடது கண்ண மூடிகினு பாப்பாரு. நான் சிரிப்பேன். பாவா, நீ என்ன கெரகணமா பாக்கறேன்னு கேப்பேன். அவரு கோச்சிக்க மாட்டாரு.

"கஜா, ஒரு மணி நேரம் ஒக்காருடா, கத்துக் குடுக்கறேன். நெட்டு இல்லாத நாளைக்கு ஒதவும்."

"நெட்டு இல்லாத நாளைக்கு நான் வேலைக்கே வர மாட்டேன் பாவா."

இத ஒரு தடவை இல்ல, நூறு தடவை பேசியிருப்போம். ஒரு மணி நேரம்தான் கேட்டாரு. நான் குடுக்கல. அரைகுறையா பக்கத்துல நின்னு பாத்ததோட சரி.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் எங்களுக்கு வேலை உண்டு. கூட்டத்துல புள்ளைங்க காணாமப் போவும் இல்ல, அதுக்கு பூத்து போடுவாங்க, பூத்துக்கு பூத்து கம்ப்யூட்டர், எல்லாத்தையும் ஆண்டெனா வச்சு சேக்கறது எங்க வேலை. ஒரு பூத்துல போட்டோ ஏத்தினா அடுத்த பூத்துல திரை முழுக்க படம் விரியும். மலை மேல ஒண்ணு, படிக்கட்டு பாதியில ஒண்ணு, கீழ பஸ் ஸ்டாண்டாண்ட ஒண்ணு. நாலாவதா சரவணப் பொய்கை பக்கம் ஒரு தகரக் கொட்டாயில ஒண்ணு, அது பாவாவோட பிடிவாதம். எனக்கு அது பிடிக்காது, அங்க யாரும் வர மாட்டாங்க, அதுக்குன்னு தனியா ஒரு ஆண்டெனா, தனியா ஒரு நடை. அந்த நாலாவது பூத்துக்காக மூணு வருஷம் சண்டை போட்டிருக்கேன். பின்னாடி பக்கமா எறங்கற ஜனத்துக்கு யார்ரா பதில் சொல்றதுன்னு கேப்பாரு, நான் அத நீயே போய் சொல்லு பாவான்னு சொல்லுவேன்.

தை மாசம் பாவா செத்துட்டாரு. மாரடைப்பு. காலையில காப்பி குடிச்சாராம், டம்ளர கீழ வச்சாராம், அவ்ளோதான். ஆனியில நான் தனியா பிளான் போட்டேன், நாலாவது பூத்த எடுத்துட்டேன். யாரும் கேக்கல. நானே போய் அந்தக் கம்ப்யூட்டரோட பிளக்க உருவி வயரச் சுருட்டி மேல வச்சிட்டு, ஆண்டெனாவ எறக்க ஏணி வேணுமேன்னு அலுப்புல அத அப்படியே விட்டுட்டு வந்தேன். எறங்கி வரும்போது அப்பாடான்னு இருந்துது. அது ஞாபகம் இருக்குது, அதான் சொல்றேன்.

கிருத்திகை அன்னிக்கு நான் தூங்கி மூணு நாள் ஆச்சு. தூங்கவே இல்லன்னு இல்ல, வயர் சுருள் மேல தலைய வச்சு அரை மணி நேரம், கால் மணி நேரம். காலையில இருந்தே போன்ல நெட்டு செத்துப்போச்சு, கால் கூட போவல, அவ்ளோ ஜனம் ஒரே மலையில இருந்தா டவர் என்ன பண்ணும். ஆனா எங்க ஆண்டெனா வேற ரகம், அது பாட்டுக்கு ஓடிகினு இருந்துது, ரெண்டே முக்கால் வரைக்கும். அப்ப ஜெனரேட்டர் மாத்தறேன்னு மாத்துனாங்க, கரண்டு ஏறி எறங்கி, மலை மேல பூத்துல இருந்த நடுப் பொட்டி எல்லாத்தையும் மறந்துட்டு பொறந்த கொழந்தை மாதிரி முழிக்குது. எந்தத் தெருவும் அதுக்கு ஞாபகம் இல்ல. நான் எழுதி வச்சிருந்தேனா? இல்ல. எழுதி வைக்கறது பாவா வேலை.

அப்பதான் அந்தம்மா வந்தாங்க. நகரி பக்கத்து ஆளு, முப்பது வயசு இருக்கும், தலைப்பு தரையில இழுபடுது, கால்ல செருப்பு இல்ல. "அண்ணா, பாப்ப கனபடலேதண்ணா" ன்னு, பாப்பாவக் காணோம்னு, ஆரம்பிச்சு மூச்சு வாங்குது. பொண்ணு பேரு பவ்யா, ஏழு வயசு. சரி மைக்குல சொல்லிடலாம்மான்னு பூத்துல இருந்த போலீஸ்காரம்மா எழுந்தாங்க. அந்தம்மா தன் காதத் தொட்டுக் காட்டி கைய விரிச்சாங்க. புள்ளைக்கு காது கேக்காது. பேச்சும் வராது. மைக்குல கத்தி என்ன பிரயோஜனம்.

போலீஸ்காரம்மா ஒயர்லெஸ்ஸ எடுத்து, அடையாளம் சொல்லுங்கன்னாங்க. மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருக்கு, மஞ்சப் பாவாடை. சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தம்மாவுக்கே அழுகை வந்துடுச்சு, ஏன்னா சன்னல்ல பாத்தா தெரியும், மலை பூரா மொட்டைத் தலையும் சந்தனமும் மஞ்சத் துணியும்தான். ஒயர்லெஸ்ல சொன்னா நானூறு புள்ளைங்கள புடிச்சு உக்கார வைப்பாங்க. ஆனா அந்தம்மா போன்ல காலையில மொட்டை போட்டதும் எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துது, மூஞ்சி தெளிவா, முன்பல்லு ரெண்டு இல்லாம சிரிக்குது. அத கேபிள் போட்டு கம்ப்யூட்டருல ஏத்திட்டேன். அனுப்பணும். அதுக்குத்தான் வழி இல்ல. எறங்கற கூட்டத்துல முக்கால்வாசி படிக்கட்டு வழியாதான் போவும், காணாமப் போன புள்ளைங்கள படிக்கட்டு பூத்துலதான் கொண்டாந்து விடுவாங்க. அந்தப் பூத்துக்கு படம் போயாவணும், அதுவும் இப்பவே. வாய் பேசாத பொட்டப் புள்ள, பொழுது சாஞ்சா என்ன ஆவும்னு நெனைக்கவே பயமா இருந்துது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது சார்.

படிக்கட்டு கம்ப்யூட்டரோட கடைசி நம்பர் எழுபத்தேழுன்னு தெரியும். எந்தத் தெருன்னு தெரியல. வெப்சைட்ட போட்டேன், இதே வட்டம்தான், சுத்துது சுத்துது சுத்திகினே இருக்குது. போன்ல ஒரு ஆப் எறக்கி வச்சிருந்தேன், நெட்டு இல்லாமயே ஓடும்னு போட்டிருந்தான், தொறந்தா மொதல்ல வெளம்பரம் வருது, வெளம்பரம் வர நெட்டு வேணுமாம். லேப்டாப்புல ஒண்ணு இருந்துது, அது என்னைப் புதுசு பண்ணுன்னு கேட்டுகினு நகர மாட்டேங்குது. சிநேகிதன் ஒருத்தன் கணக்கு போட்டு வச்ச ஷீட்டு ஒண்ணு அனுப்பியிருந்தான், அது மெயில்ல கெடக்குது, நான் எறக்கவே இல்ல. லேப்டாப்பு கால்குலேட்டருலயே போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம். இப்ப தெரியுது. அன்னிக்கு என் மண்டை களிமண்ணு.

அந்தம்மா என் கையையே பாத்துகினு நின்னுது. அதுதான் தாங்கல. நெட்டு இல்லாத நாளைக்கு வேலைக்கே வர மாட்டேன்னு எவ்ளோ திமிரா சொல்லியிருக்கேன். பாவா இருந்திருந்தா ரெண்டு நிமிஷம்னு நெனைச்சேன், நெனைச்சுகினே கேபிள சரி பண்ண பொட்டிக்கு பின்னாடி கைய விட்டேன், கையில எதுவோ தட்டுச்சு. நூல்ல கோத்து ஆணியில தொங்குது, அட்டைக் கட்டு. போன வருஷம் அவரு மாட்டுனது, அப்படியே இருக்குது, தூசி படிஞ்சு. நாலு அட்டை, ஓரத்துல அவரு கையெழுத்து. மேல, கீழ, படி, தெரு. நாலாவது பூத்து அட்டை அதுல இல்ல, அத அவரு அந்தக் கொட்டாயிலயே மாட்டி வைப்பாரு.

படி அட்டையையும் தெரு அட்டையையும் எடுத்துகினு வெளிய ஓடுனேன். மேக்கால வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தூக்கிப் புடிச்சு வலது கண்ண மூடிகினு பாத்தேன், எனக்கு வலது கண்ணு கொஞ்சம் மங்கல். ரெண்டு வெளிச்சம். அறுபத்தி நாலு ஒண்ணு, முப்பத்தி ரெண்டு ஒண்ணு. கூட்டுனா தொண்ணூத்தாறு. மறுபடி பாத்தேன், அதேதான். உள்ள ஓடி வந்து தெரு தொண்ணூத்தாறுல ஆரம்பிக்குதுன்னு பொட்டியில அடிச்சேன்.

இப்ப யோசிங்க. எழுபத்தேழாம் நம்பர் வீடு, தொண்ணூத்தாறுல ஆரம்பிக்கிற தெருவுல எப்படி இருக்கும்? ஒண்ணாங்கிளாஸ் புள்ள கேக்கும் இத. எனக்குத் தோணவே இல்ல சார். தூக்கமா, பதட்டமா, இல்ல பாவா அட்டை தப்பு சொல்லாதுன்னு நம்பிக்கையா, தெரியல. அடிச்ச ஒடனே திரையில ஒரு பச்சைப் புள்ளி வந்துது, ஒரு கம்ப்யூட்டர் சேந்துடுச்சுன்னு அர்த்தம். படத்த அனுப்பிட்டேன். அந்தம்மா பச்சைப் புள்ளிய பாத்து கும்புடுது.

நாலு நிமிஷம் இருக்கும். பதில் வந்துது. கெடைச்சாச்சுன்னா அமுக்க ஒரு பட்டன் இருக்கும், அத யாரோ அமுக்கியிருக்காங்க. போலீஸ்காரம்மா கைதட்டுனாங்க, அந்தம்மா அப்படியே தரையில உக்காந்துடுச்சு. நான் மட்டும் நம்பர பாத்தேன். எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து பதில் வந்துதுன்னு ஓரத்துல வரும். எழுபத்தேழு இல்ல. நூத்தி ஒம்போது.

நூத்தி ஒம்போது நாலாவது பூத்து சார், தொண்ணூத்தாறுல ஆரம்பிக்கிற தெரு அதோடதுதான். தகரக் கொட்டாயி. நான் பிளக்க உருவி வயரச் சுருட்டி வச்ச கம்ப்யூட்டரு.

எப்படி எறங்குனேன்னு கேக்காதீங்க. முந்நூத்தி அறுபத்தஞ்சு படி, எதுத்தாப்புல காவடியோட ஜனம் ஏறுது, புஷ்பக் காவடி மூஞ்சியில இடிக்குது, அந்தம்மா எனக்கு முன்னாடி பறக்குது, நான் முட்டியப் புடிச்சுகினு பின்னாடி. என் மண்டையில ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது, தப்பான எடத்துக்கு அனுப்பிட்டேன், எவனோ விளையாட்டுக்கு பட்டன அமுக்கியிருக்கான், இந்தம்மா அங்க போய் நின்னு புள்ள இல்லன்னா அவங்க மூஞ்சிய நான் எப்படி பாப்பேன்.

புள்ள இருந்துது. கொட்டாயில வௌக்குமாறு, சுண்ணாம்பு மூட்டைக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கால ஆட்டிகினு, எதுத்தாப்புல திரை முழுக்க அவ மூஞ்சி பல்லு இல்லாம சிரிக்குது. அம்மாவப் பாத்ததும் அது அழுவல, திரையக் காட்டி பெருமையா சிரிக்குது. அம்மாதான் அழுதுது. நானும் அழுதேன், எதுக்கு மறைக்கணும்.

கொட்டாயில சரோஜா அக்கா இருந்தாங்க, திருவிழாவுக்கு பெருக்கற வேலைக்கு வந்தவங்க. அந்த வருஷம் அந்தக் கொட்டாயி அவங்களுக்குத்தான் சாமான் வைக்க. அவங்ககிட்ட கேட்டேன், யாருக்கா கம்ப்யூட்டர போட்டதுன்னு.

"எனக்கு இன்னா தெரியும்பா. நான் ரெண்டு மணிக்கு வரும்போதே எரிஞ்சிகினுதான் இருந்துது. பசங்க போன் சார்ஜ் போடறேன்னு எதையாவது சொருவியிருப்பாங்க."

"புள்ளைய யாரு கொண்டாந்தது?"

"அதுவா வந்து ஒக்காந்துகினு இருந்துது. நான் பெருக்கிட்டு வந்து பாக்கறேன், சேர்ல ஒக்காந்திருக்கு. பேர கேட்டா பேச மாட்டேங்குது, தண்ணி குடுத்தேன், குடிச்சுது. யாருகிட்ட வுடறதுன்னு யோசிச்சிகினே இருக்கேன், திடீர்னு டிவில அதும் மூஞ்சி வருது! எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. கீழ கெடைச்சாச்சான்னு போட்டிருந்துது, ஆங் கெடைச்சாச்சுன்னு அமுக்கிட்டேன்."

எல்லாம் சரியாப் போச்சு. சாயங்காலம் மறுபடி மலை ஏறுனேன், ஆட்டோவுலதான், படி ஏற உசுரு இல்ல. பூத்துல உக்காந்து நிதானமா அந்தப் படி அட்டைய எடுத்துப் பாத்தேன். முப்பத்தி ரெண்டு எடத்துல ஓட்டையே இல்ல சார். காகித ஒட்டு இருக்குது. தறிக்காரங்க வீட்ல அட்டை தப்பா குத்திட்டா தூக்கிப் போட மாட்டாங்க, மேல காகிதத்த ஒட்டி காயவச்சு மறுபடி ஓட்டுவாங்க. பாவாவும் அததான் செஞ்சிருக்காரு. நாலாவது பூத்துக்குன்னு நூத்தி ஒம்போது குத்துன அட்டை, அதுல ஒரே ஒரு ஓட்டைய அடைச்சா எழுபத்தேழு, புது அட்டை எதுக்குன்னு ஒட்டி படின்னு எழுதிட்டாரு. ஒட்டு கல்லு மாதிரி காஞ்சு நல்லா ஒட்டிகினு இருக்குது. டியூப் லைட்ல தூக்கிப் பாத்தா ஒரே வெளிச்சம்தான் வருது, அறுபத்தி நாலு, படிக்கட்டோட சரியான தெரு.

நானே சமாதானம் சொல்லிக்கினேன். மெல்லிசு காகிதம், கடுமையான வெயிலு, ஊடுருவி தெரிஞ்சிருக்கும். தூக்கம் இல்லாதவன் கண்ணு. பிளக்க எவனோ சொருவியிருப்பான். புள்ள கூட்டத்தோட பின்பக்கமா எறங்கி, நெழலப் பாத்து உள்ள போயிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்குது, உங்களுக்கும் இப்ப அதேதான் தோணுது, மூஞ்சியில தெரியுது, பரவால்ல. மறுநாள் வெயில்லயும் தூக்கிப் பாத்தேனான்னு கேப்பீங்க. பாக்கல. பாக்கணும்னு தோணல. இது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பாக்கல. அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து நாலாவது பூத்த மறுபடி போட்டுட்டேன், முட்டி வலிச்சா வலிக்கட்டும். வீட்ல பொண்ண பக்கத்துல உக்கார வச்சு அட்டைக் கணக்கு முழுசா கத்துக்கினேன், ஒரு மணி நேரம் கூட ஆவல, நாப்பது நிமிஷம்தான். நாப்பது நிமிஷத்த அந்த மனுஷனுக்கு குடுக்காம போயிட்டேன்.

பாவா சம்சாரம் விஜயா அக்கா பள்ளிப்பட்டுலதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை பஸ் ஏறுனேன், ரெண்டு தடவையும் பாதி வழியில எறங்கி எதுத்த பஸ்ல திரும்பி வந்துட்டேன். எதைச் சொல்றது, எப்படிச் சொல்றது. ஒட்டு, வெயிலு, பிளக்கு, இதெல்லாம் சொல்லிடலாம். இன்னொண்ணு இருக்குது, அத உங்ககிட்டயும் இவ்ளோ நேரம் சொல்லாமதான் வச்சிருந்தேன்.

கொட்டாயில அம்மாவும் பொண்ணும் கெளம்பறதுக்கு முன்னாடி, அம்மா சைகையில கேட்டுது, உன்னை இங்க யாரு கூட்டியாந்து உக்கார வச்சதுன்னு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். அது திருத்தணிக்கே வந்தது அதான் மொத தடவை, அன்னிக்கு வரைக்கும் என்னையும் பாத்ததில்ல, நான் அட்டைய தூக்கிப் புடிச்சது மலை உச்சியில, அது இருந்தது அடிவாரத்துல. புள்ள கொஞ்சம் யோசிச்சுது. அப்புறம் தன் உள்ளங்கைய மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து ஃபூன்னு ஊதுச்சு. கைய தலைக்கு மேல, தகரத்து ஓட்டை வழியா வெயில் வர்ற பக்கமா தூக்குச்சு. அண்ணாந்து பாத்துது. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, விளையாட்டு காட்டுதுன்னு முத்தம் குடுத்துது.

நான் ஊத மாட்டேன் சார், அந்தப் பழக்கமே எனக்கு இல்ல. நான் மூடறது வலது கண்ணு, சொன்னேன் இல்ல. அந்தப் புள்ள மூடுனது எடது கண்ணு.